பன்னிரண்டு பதினேழுக்குப் போன விமானம்

வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் றஞ்சிதா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். கருவாட்டுக் கடகமானாலும் சரி, தேத்தண்ணிக் கோப்பையானாலும் சரி. வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பாள். சத்தம் தேய்ந்து கடலுக்கு அப்பால் அடங்கிய பிறகுதான் வைத்ததைத் திரும்ப எடுப்பாள். சத்தம் கேட்டதும் கையில் உள்ளதைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய காலத்தில் வந்த பழக்கம் அது. ஓட வேண்டிய காலம் முடிந்து எத்தனையோ வருடமாகியும் பழக்கம் போகவில்லை. பேசாலையில் அவளோடு கருவாட்டு வாடியில் வேலை செய்கிற பெண்களுக்கு அது ஒரு பகிடி.

"பிளேன் ஒண்டு வருது, றஞ்சிதாவின்ட கையில பிள்ளையைக் குடுத்திடாதேங்கோ. நிலத்தில வைச்சிடுவாள்!"

அவளும் சிரிப்பாள். சிரிப்பைத் தவிரப் பதில் சொல்ல அவளுக்கு வராது. ஆறாம் வகுப்பில் இருந்தபோது குடும்பம் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனது. மண்டபம் முகாமில் அவளுக்குப் பள்ளிக்கூடம் விட்டுப்போயிற்று. அங்கிருந்து அண்ணன் றொட்னி லண்டனுக்குப் போனான். அவளும் தாய் மேரி ரோசும் ஊருக்குத் திரும்பி வந்தார்கள். வங்காலையிலிருந்து ஒரு தடவை நல்ல சம்பந்தம் வந்தது. "அப்ப அம்மாவை ஆர் பாக்கிறது?" என்று றொட்னி போனில் கேட்டான். அதோடு அந்தப் பேச்சு நின்றது. இப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. மீனைக் கீறி, உப்புப் போட்டு, பந்தலில் காயவைத்து, மாலையில் அள்ளி மூடுவது அவள் வேலை. மற்றப் பெண்கள் பேசுவார்கள், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். யார் யாரோடு கோபம், யார் சிரிப்பில் கள்ளம் இருக்கிறது என்பதெல்லாம் கேட்காமலே அவளுக்குத் தெரியும்.

தாய் இறந்தது ஒரு ஜனவரி மாதம், செவ்வாய்க்கிழமை காலையில். செய்தி சொன்னதும் றொட்னி போனிலேயே கதறி அழுதான். "நான் வராமல் எடுத்திடாதேங்கோ. முதல் பிடி மண் நான்தான் போடவேணும்" என்றான். அந்த ஊர் வழக்கம் அது. சேமக்காலையில் பெட்டியை இறக்கியதும் மூத்த மகன்தான் முதல் பிடி மண் போடவேண்டும். மற்றவர்கள் அதன் பிறகுதான். புதன் இரவு லண்டனில் விமானம் ஏறுவதாகச் சொல்லி டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினான். வியாழன் மத்தியானம் கொழும்பு, இரவுக்குள் பேசாலை. வெள்ளி காலை அடக்கம் என்று கோவிலில் அறிவித்தார்கள்.

வியாழன் காலையில் போன் வந்தது. லண்டனில் பனி கொட்டுகிறது, கொழும்பு விமானம் ஓடவில்லை, நாளைக்கு வருகிறேன் என்றான். வெள்ளி காலையிலும் அதையே சொன்னான். சனி காலையிலும் அதே பேச்சு. "எயாப்போட்டிலதான் கிடக்கிறன் றஞ்சி. இன்னும் ஒரு நாள் பொறுங்கோ." உடலுக்கு மருந்து போட்டவர் சனி மத்தியானம் வந்து பார்த்துவிட்டு, இனித் தாங்காது என்றார். பாதரும் அதைத்தான் சொன்னார். ஊரே றஞ்சிதாவின் முகத்தைப் பார்த்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு எடுப்போம் என்று அவள் சொன்னாள். சேமக்காலையில் முதல் பிடி மண்ணை அவளே போட்டாள்.

அன்றிரவு றொட்னி சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் வீடியோவில் அழைத்து அழுதான். அடுத்த மாதம் கோவிலுக்குப் புதிய ஒலிபெருக்கி வாங்க உதவினான். ஊரில் கதை மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"பாவம் அந்தப் பிள்ளை. மூண்டு நாள் எயாப்போட்டில பச்சைத் தண்ணி குடிக்காமல் கிடந்தவனாம்."

"இவளுக்கு என்ன அவசரம்? இன்னொரு நாள் பொறுத்திருந்தால் என்ன, குடி முழுகியே போயிருக்கும்?"

இந்தக் கதையை அதிகம் சொன்னவர் தாயின் தமக்கை, பெரியம்மா றோஸ்மேரி. "பெத்த மகன் இருக்க, பொம்பிளை மண் போட்டவள்" என்று றஞ்சிதாவின் காது கேட்கவே சொன்னார். வாடியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து மீன் கீறிய பெண்கள் மெல்லத் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒக்டோபர் செபமாலை மாதத்தில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். பக்கத்து வீட்டில் ஒரு இரவு தங்கிய சுரூபம், றஞ்சிதாவின் படலையைக் கடந்து அடுத்த வீட்டுக்குப் போனது. அவள் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, வெள்ளை விரித்து, பூவும் வைத்துவிட்டு நின்றாள். சுரூபத்தைத் தூக்கி வந்த பெண்கள் செபம் சொன்னபடியே நடந்தார்கள். ஒருத்தி மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று அவள் அழவில்லை. வெள்ளையை மடித்து அலுமாரியில் வைத்தாள். அதுவரை அவளுக்குள் துக்கமாக இருந்தது, அந்த இரவோடு வேறொன்றாக மாறிவிட்டது.

விமானம் ஓடவில்லை என்று சொன்னவன் அவன் ஒருவன்தான். ஓடியது என்று சொல்ல யாரும் இல்லை. அண்ணன் பொய் சொல்லும்போது குரலை எப்படி மெல்லமாக்குவான் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மூன்று நாளும் போனில் அந்த மெல்லிய குரல்தான் பேசியது. ஆனால் ஒருவனின் குரலை ஊருக்கு எப்படிச் சாட்சியாகக் காட்டுவது?

மாதம் முடிவதற்குள் ஒரு நாள், வாடியில் பந்தலுக்கு மேலே ஒரு விமானம் போயிற்று. றஞ்சிதா கடகத்தை வைத்துவிட்டு அண்ணாந்தாள். இப்போதும் அவளோடு முகம் கொடுத்துப் பேசுகிற ஒருத்தி இருந்தாள். மூன்று பிள்ளைகளின் தாய், டினோஜா.

"என்ன அக்கா, எங்க போகுது எண்டு பாக்கிறியளோ? இஞ்ச பாருங்கோ" என்று தன் போனை எடுத்து வானத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் வானம் தெரிந்தது. விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி விழுந்தது.

"மெட்ராசில இருந்து கொழும்புக்குப் போறதாம். பிள்ளையள் இறக்கின அப். சும்மா விளையாட்டு."

றஞ்சிதா உப்புக் கையைப் பாவாடையில் துடைத்தாள். "நேற்றுப் போனதையும் காட்டுமோ?"

"நேற்றுப் போனதைப் பாத்து என்ன செய்யப் போறியள்? ஆரும் ஏறிப் போயிட்டினமோ?"

றஞ்சிதா கடகத்தைத் திரும்ப எடுத்தாள். ஆனால் அன்று அள்ளி மூடுகிறவரை அவள் மனம் மீனில் இல்லை.

அவளிடம் இருந்தது நான்கு வருடத்துக்கு முன்பு றொட்னி வந்தபோது தந்துவிட்டுப் போன பழைய போன். அவன் பாவித்து முடித்தது. ஒரு மூலை வெடித்திருந்தது. டினோஜா அதில் மூன்று அப் இறக்கிக் கொடுத்தாள். ஆங்கிலப் பெயர்கள் றஞ்சிதாவின் வாயில் நிற்கவில்லை. நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறத்தாலேயே அவற்றை அடையாளம் வைத்துக்கொண்டாள்.

மூன்றில் எதை நம்புவது என்பதுதான் முதல் கேள்வி. ஒருவனின் வாய்ச்சொல்லை நம்பித் தாயை மூன்று நாள் அடக்காமல் வைத்திருந்தவள் அவள். இனிமேல் பார்க்காமல் எதையும் நம்புவதாக இல்லை. வேலை முடிந்ததும் வாடிக்குப் பின்னால் கரையில், கவிழ்த்து வைத்த வள்ளத்தில் போய் உட்காருவாள். ஒரு அப்பியாசக் கொப்பியும் கொண்டுபோவாள். விமானம் கண்ணுக்குத் தெரிந்ததும் மூன்று அப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறப்பாள். எது காட்டியது, எது காட்டவில்லை என்று பார்த்து, காட்டிய நிறத்துக்கு நேரே ஒரு கோடு போடுவாள்.

நீலம் பார்க்க அழகு. போனை வானத்துக்குப் பிடித்தால் பேச்சுத் துணைபோல எல்லாம் சொல்லும். ஆனால் சில நாள் திசை குழம்பிவிடும். அப்போது போனைக் கையில் பிடித்து எட்டு எழுதுவதுபோல ஆட்டு என்று ஒரு படம் வரும். அவள் கரையில் நின்று ஆட்டியதைச் சம்மாட்டி அருட்பிரகாசம் கண்டுவிட்டார். சொந்தமாக நான்கு வள்ளம் உள்ளவர், அவள் வேலை செய்யும் வாடியும் அவருடையதுதான்.

"என்ன பிள்ளை, பேய் ஓட்டுறியோ?"

"இல்லை சம்மாட்டி. பிளேன் பாக்கிறன்."

"பாத்து? கை காட்டி மறிச்சு ஏறப் போறியோ? ஏறினால் எனக்கும் ஒரு சீட் பிடி."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நீலத்தின் பெரிய குறை வேறு. அதற்கு இந்த நிமிடம் மட்டுந்தான் தெரியும். விமானம் மறைந்தால் அதன் ஞாபகமும் மறைந்துவிடும். பாதி ஊர் அப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பச்சையில் வரைபடம் இருந்தது. மற்றவை காட்டாத பட்டாளத்து விமானத்தையும் அது காட்டியது. இராமேஸ்வரம் பக்கம் நன்றாகவே தெரியும். தலைமன்னாருக்கு மேலே வந்ததும் விமானம் திடீரென்று காணாமல் போய், புத்தளத்துக்குக் கிட்ட மறுபடி முளைக்கும். இங்கே அதைப் பிடித்துச் சொல்கிற கருவி கிட்டடியில் இல்லையாக்கும் என்று டினோஜா சொன்னாள். நடுவில் விட்டுவிட்டுச் சொல்கிற சாட்சி றஞ்சிதாவுக்கு வேண்டாம். றொட்னி உடனே அந்த ஓட்டையில் புகுந்துவிடுவான்.

மஞ்சள் அவ்வளவு அழகில்லை. திறந்தவுடன் வரைபடம் நிறைய மஞ்சள் விமானங்கள் பூச்சிகள்போல ஊரும். ஆனால் இரண்டு கிழமைக் கொப்பியில் அதற்கு நேரே ஒரு நாள் தவிர எல்லா நாளும் கோடு விழுந்திருந்தது. அந்த ஒரு நாளும் மழை. அவள்தான் சரியாகப் பார்க்கவில்லை. இன்னொன்றும் இருந்தது. ஒரு விமானத்தைத் தொட்டால் அது நேற்று எப்போது போனது, முந்தாநாள் எப்போது போனது என்று வரிசையாகச் சொல்லியது. ஏழு நாள் வரை சும்மா பார்க்கலாம். அதற்குக் கீழே ஒரு பூட்டுப் படம்.

அந்தப் பூட்டைத் திறக்க முடியுமா என்று கேட்கத்தான் அவள் டிசம்பர் தொடக்கத்தில் மன்னார் பட்டணத்துக்கு பஸ் ஏறினாள். பஸ் நிலையத்துக்குக் கிட்ட முஸ்பிரா என்ற பெண் போன் கடை வைத்திருந்தாள். முப்பது வயதிருக்கும். போட்டோக்கொப்பி எடுப்பது, பாஸ்போர்ட் படிவம் நிரப்புவது, போன் திருத்துவது எல்லாம் அவள்தான். கடையில் ஆள் குறையும்வரை றஞ்சிதா வெளியே நின்றாள். பிறகு உள்ளே போய்ப் போனை மேசையில் வைத்தாள்.

"தங்கச்சி, இந்தப் பூட்டைத் திறக்கேலுமோ?"

முஸ்பிரா வாசித்துப் பார்த்தாள். "ஏலும் அக்கா. பாங்க் காட்டால காசு கட்டோணும், நான் கட்டித் தாறன். எவ்வளவு காலத்துக்குப் பின்னால பாக்கோணும்? மூணு மாசம் எண்டால் ஒண்டு, ஒரு வருசம் எண்டால் இன்னொண்டு."

"ஒரு வருசத்துக்கு மேல?"

"இல்லை. ஒரு வருசம் முடிஞ்ச நாளை அது காட்டாது. ஒவ்வொரு நாளா அழிஞ்சுகொண்டு போகும்."

றஞ்சிதா சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள். தாயின் ஆண்டு நினைவுக்கு இன்னும் ஏழு கிழமை இருந்தது. அது கழிந்த இரண்டாம் நாளே வியாழன் அழிந்துவிடும்; பிறகு வெள்ளி, பிறகு சனி. அதற்குப் பின்னால் றொட்னி சொன்னதுதான் உண்மையாக இருக்கும், என்றைக்குமாக.

"ஒரு வருசத்தைத் திறவுங்கோ" என்றாள். வாடிக்கூலியில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

றொட்னி அனுப்பிய டிக்கெட் படம் அவள் போனில் இன்னும் இருந்தது. முஸ்பிரா அதிலிருந்த விமான இலக்கத்தை அடித்தாள், ஜனவரி மாதத்தைத் தேடிப்பிடித்தாள். அந்த வியாழனுக்கு நேரே ஒரு பச்சைச் சொல் இருந்தது.

"வந்து இறங்கியிருக்கு அக்கா."

"வெள்ளி?"

"அதுவும் வந்திருக்கு. சனியும். நேரத்துக்குத்தான்." முஸ்பிரா வியாழனைத் தொட்டு ஓடவிட்டாள். மஞ்சள் விமானம் இந்தியாவைக் கடந்து கடலுக்கு வந்தது; தலைமன்னார், பேசாலை, மன்னார். முஸ்பிரா விரலை வைத்து நிறுத்தினாள். "இந்தா, உங்கட ஊருக்கு நேர் மேலால. பகல் பன்னிரண்டு பதினேழு."

றஞ்சிதாவுக்கு அந்த மத்தியானம் கண்முன்னால் வந்தது. பெட்டியின் தலைமாட்டில் மெழுகுதிரி மாற்றிக்கொண்டிருந்தாள். மேலே சத்தம் கேட்டது. திரியைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து அண்ணாந்தாள். கதிரைகளில் இருந்தவர்களும் அண்ணாந்தார்கள். பெரியம்மா றோஸ்மேரி மூக்கைச் சிந்தியபடி, "எங்கட பிள்ளையின்ட பிளேன் ஓடியிருந்தால் இப்பிடித்தானே போயிருக்கும்" என்றார். எல்லாருமாக அழுதார்கள். அந்த விமானத்தைப் பார்த்துத்தான் அழுதார்கள்.

"அக்கா, தண்ணி குடிக்கிறியளா?" என்று முஸ்பிரா கேட்டாள்.

"வேண்டாம். மூண்டு நாளையும் கடுதாசியில அடிச்சுத் தாங்கோ."

ஜனவரியில் றொட்னி வந்தான். மனைவியையும் மகளையும் லண்டனில் விட்டுவிட்டுத் தனியாக வந்தான். ஆண்டுத் திருப்பலியைப் பெரிதாகச் செய்தான். கல்லறைக்குக் கறுப்புக் கல், ஊருக்கு மத்தியானச் சாப்பாடு, கொழும்பில் தடித்த தாளில் அச்சடித்த நினைவு அஞ்சலித் துண்டு இருநூறு. துண்டின் முன்பக்கத்தில் தாயின் படம். உள்ளே அவன் எழுதிய பாட்டு:

*வானூர்தி ஓடாத வேளையிலே அம்மா*
*வழியனுப்ப வரமுடியாப் பாவியானேன்*
*பொறுத்திருக்க மனமில்லார் உன்னை மண்ணில்*
*பொழுதுபட முன்னமே புதைத்துவிட்டார்*

*என்றென்றும் உன் நினைவில், அன்பு மகன் றொட்னி.*

றஞ்சிதாவின் பெயர் அதில் இல்லை. "பொறுத்திருக்க மனமில்லார்" என்ற இடத்தில்தான் அவள் இருந்தாள்.

திருப்பலிக்கு முதல்நாள் அவன் இருநூறு துண்டையும் கட்டோடு அவள் மடியில் வைத்தான். "விரிச்சபடி வந்திருக்கு. நீ இருந்து ஒவ்வொண்டா மடிச்சு வை, றஞ்சி. காலமை கோவில் வாசலில குடுக்கவேணும்."

"ஓம் அண்ணா" என்றாள்.

உண்மையில் அதுவரை அவளிடம் ஒழுங்கான திட்டம் எதுவும் இல்லை. கடுதாசி மூன்றையும் பாதரிடம் காட்டலாமா, பெரியம்மாவின் முன்னால் எறியலாமா, அண்ணனிடமே நீட்டலாமா என்று ஏழு கிழமையும் யோசித்தாள். ஒவ்வொரு தடவையும் தன் வாய் அடைத்துப்போவதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. இப்போது, வாய் திறக்கத் தேவையில்லாத ஒரு வழியை அண்ணன் தானே கொண்டுவந்து மடியில் வைத்திருந்தான்.

அவள் சட்டை மாற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போனாள். முஸ்பிரா மூன்று வரைபடத்தையும் சுருக்கி ஒரு துண்டில் அடக்கினாள். கீழே தமிழில் அடித்தாள்: *லண்டன் – கொழும்பு விமானம். வியாழன், பேசாலைக்கு மேல் பகல் 12.17. வெள்ளி, 12.31. சனி, 12.09. மூன்று நாளும் கொழும்பில் இறங்கியது.* திகதியும் போட்டாள்.

"அண்ணன்ட பேரைப் போடுவமா அக்கா?"

"வேண்டாம். பேர் மற்றத் துண்டில இருக்கு."

முஸ்பிரா அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இருநூறு பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு அஞ்சலித் துண்டுக்குள்ளும் ஒரு விமானத் துண்டை வைத்து மடித்தாள். விளிம்பு வெளியே தெரியாதபடி நகத்தால் நீவி நீவி மடித்தாள். கருவாடு அடுக்கிப் பழகிய கை, எல்லாம் ஒரே அளவாக வந்தது. அண்ணன் முன்வீட்டில் இருந்து சொந்தக்காரரோடு பேசிச் சிரிப்பது கேட்டது. அவளுக்கு நன்றாகவே பசித்தது, இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

காலையில் கோவில் வாசலில் நின்று அவளே கொடுத்தாள். தாயின் படத்தைப் பார்த்துச் சிலர் முத்தமிட்டார்கள். பலர் திறக்காமல் செபப் புத்தகத்துக்குள் வைத்தார்கள். பிரசங்கம் நடக்கும்போதுதான் ஆட்கள் துண்டை விரிக்கத் தொடங்கினார்கள். உள்ளிருந்த கடுதாசி ஒருவர் மடியில் விழுந்தது; இன்னொருவர் குனிந்து எடுத்தார். பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு, ஆட்கள் இருந்த வாங்குகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்து போவதை றஞ்சிதா கடைசித் தூணோடு நின்று பார்த்தாள். முன் வாங்கில் இருந்த றொட்னியிடம் துண்டு இல்லை. அவனே எழுதியதை அவனுக்கு யார் கொடுப்பார்கள்?

திருப்பலி முடிந்ததும் அவன் நன்றி சொல்ல எழுந்துபோனான். அவன் உதவிய ஒலிபெருக்கி நன்றாகத்தான் வேலை செய்தது.

"அன்பான உறவுகளே... போன வருசம் இதே நாள்களில நான் லண்டன் எயாப்போட்டில மூண்டு நாள் தவிச்சுக்கொண்டு கிடந்தனான். ஒரு பிளேன் ஓடியிருந்தால், ஒரே ஒரு பிளேன் ஓடியிருந்தால்..."

குரல் மெல்லியதாகிவிட்டது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். றொட்னி நிமிர்ந்து பார்த்தான். கோவில் நிறையக் கடுதாசிகள். கடுதாசிகளுக்கு மேலே கண்கள்.

சம்மாட்டி அருட்பிரகாசம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "தம்பி, குறை நினையாதை. இந்தத் துண்டில வியாழக்கிழமை பன்னிரண்டு பதினேழுக்கு எங்கட தலைக்கு மேலால போயிருக்கு எண்டு கிடக்கு. உள்ளுக்கு ஆர் இருந்தது? வெறும் பிளேனோ?"

கோவிலுக்குள் சிரிக்கக்கூடாது என்பதை மறந்து ஆம்பிளைகள் பக்கம் சிரித்தது. பாதர் கையை உயர்த்தினார். றொட்னி கிட்ட நின்ற ஒருவரிடமிருந்து துண்டைப் பறித்துப் பார்த்தான். பார்த்துவிட்டு நன்றி சொல்லாமலே கீழே இறங்கினான்.

வெளியே மணலில் அவளைப் பிடித்துக்கொண்டான். சுற்றி ஆட்கள் நின்றார்கள்.

"என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?"

"மடிக்கச் சொன்னீங்கள். மடிச்சன்."

"குடும்பத்தின்ட மானத்தை இப்பிடிச் சந்தியில விட்டிட்டியே!"

"அது போன வருசமே போயிட்டுது. நீங்கள்தான் பாக்கேல்லை. பிளேன் ஓடேல்லை எல்லோ."

அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரும் என்று அங்கே நின்ற யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. அவளும்தான். றொட்னியின் முகம் விழுந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினான்.

"பிள்ளையின்ட இருபத்தோராவது பேத்டே றஞ்சி. சனிக்கிழமை. ஹோல் மூண்டு மாதத்துக்கு முதலே புக் பண்ணினது, இருநூறு பேருக்குச் சொல்லியாச்சு. டிக்கெட்டும் போட்டுத்தான் பாத்தனான். வீட்டில விடேல்லை. நான் என்ன செய்ய?"

"சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் ஊர் என்ன சொல்லும்?"

"எனக்குச் சொன்னதைச் சொல்லியிருக்கும்."

"என்னட்டத் தனியாக் கேட்டிருக்கலாம்தானே?"

"கேட்டிருந்தால் பனி எண்டிருப்பியள்."

அவன் அழத் தொடங்கினான். இந்தத் தடவை அது நடிப்பல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. போன வருடம் வாசலில் வெள்ளை விரித்து நின்ற தன்னை அவள் நினைத்துக்கொண்டாள். அவன் அழுது முடியும்வரை நின்று பார்த்தாள். கண்ணைத் துடைக்கத் தன் முந்தானையைக் கொடுக்கவில்லை. பெரியம்மா றோஸ்மேரி வந்து, "எங்களுக்கென்ன மோனை தெரியும், அவன் சொன்னதைத்தானே..." என்று அவள் கையைப் பிடித்தார். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

சமைத்த சாப்பாட்டை ஊர் வந்து சாப்பிட்டது. றொட்னி அறையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு கிழமை நிற்பதாக இருந்தவன் அடுத்த நாள் வான் பிடித்துக் கொழும்புக்குப் போனான். கல்லில் வெட்டிய வாசகத்தில் தன் பெயரோடு அவள் பெயரையும் சேர்க்கச் சொல்வதாகப் போகும்போது சொன்னான். வேண்டாம், அம்மாவின் பெயர் மட்டும் போதும் என்றாள். கல்வெட்டுகிறவரிடம் தானே போய்ச் சொல்லி, அவன் பெயரை மழுக்கி எடுக்கவைத்தாள்.

மறு ஞாயிறு மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு நான்கு பெண்கள் அவள் படலைக்கு வந்தார்கள். முறை இல்லாத காலத்தில் வந்தார்கள்.

"அண்டைக்கு விடுபட்டுப் போச்சு றஞ்சிதா. ஒரு இரவு வைச்சிரன்" என்றாள் ஒருத்தி.

வெயில் கொளுத்தியது. றஞ்சிதா மாதாவுக்குக் கைகூப்பினாள். பிறகு, "ஒக்டோபரில வாங்கோ, முறைக்கு" என்றாள். அவர்கள் திரும்பிப் போக, படலையைச் சாத்தினாள். டினோஜா அன்று பின்னேரம் கேட்டாள்: "மாதாவையே திருப்பி அனுப்பிப் போட்டியளாமே அக்கா?"

"மாதாவை அனுப்பேல்லை. தூக்கி வந்த ஆக்களைத்தான்."

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருடமாகிறது. மஞ்சள் அப்புக்குக் கட்டிய காலம் முடிந்துவிட்டது. அந்த மூன்று நாட்களையும் இனி யாரும் போனில் பார்க்க முடியாது. கடுதாசி மட்டும் பேசாலையில் பல வீட்டுச் செபப் புத்தகங்களுக்குள் இருக்கிறது. றொட்னி இரண்டு தடவை போன் எடுத்தான், அவள் எடுக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு அவள் போவதில்லை. செய்ததற்கு மனம் வருந்தவேண்டும் என்று பாதர் சொல்கிறார், அவளுக்கு வருத்தம் வரவில்லை. வாடியில் பெண்கள் பழையபடி பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். அவள் தள்ளி உட்காருவதும் இல்லை, அவர்களோடு பேசுவதும் இல்லை.